பந்தலூர் தங்கம்: டன்னுக்கு எவ்வளவு?

"தேவாலாவுல தங்கம் இருக்குன்றாங்களே, நெசமா?" நான் ஜியாலஜி படித்தவன் என்று தெரிந்ததும் வருகிற முதல் கேள்வி இதுதான். இருக்கிறது என்றால் கண் விரியும். அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "அப்புறம் ஏன் கவர்மென்ட் எடுக்கல?" முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவதற்குத்தான் இந்தப் பதிவு.

ஊர் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் இடம் காட்டிவிடுகிறேன். நீலகிரி மாவட்டம் என்றால் ஊட்டி, குன்னூரோடு பலர் நின்றுவிடுவார்கள். மேற்கே கூடலூருக்கு இறங்கி, நாடுகாணி தாண்டி, தேவாலா, பந்தலூர், சேரம்பாடி என்று கேரள எல்லை வரை போகிற பகுதி ஒன்று உண்டு. பழைய ஆவணங்களில் இதன் பெயர் தென்கிழக்கு வயநாடு. 1877 வரை மலபார் மாவட்டத்தில் இருந்தது, அப்புறம்தான் நீலகிரியோடு சேர்ந்தது. தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதுகிற இடம். ஜூலை மாதம் தேவாலாவில் எவ்வளவு மழை என்று டிவியில் சொல்வார்களே, அந்தத் தேவாலாதான். மழையை விட்டால் இந்த ஊர் செய்தியில் வருவது ஒரே விஷயத்துக்கு: திருட்டுத்தனமாகத் தங்கம் தோண்டியவர்கள் பிடிபட்டார்கள், அல்லது குழி சரிந்து ஆள் செத்தார்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்து, டான்டீயில் (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சந்தேகமே கிடையாது. "வெள்ளைக்காரன் அவ்வளவு செலவு பண்ணி, மலையைக் குடைஞ்சு, சும்மா விட்டுட்டுப் போவானா சார்? நல்ல இடமாப் பார்த்து மூடி வச்சுட்டுப் போயிருக்கான். பிறகு வரலாம்னு." இதை அவர் மட்டும் சொல்லவில்லை. பந்தலூர் டீக்கடையில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். இதில் பாதி உண்மை. செலவு பண்ணினான், குடைந்தான், விட்டுவிட்டுப் போனான். மூடி வைத்தான் என்பது மட்டும்தான் இடிக்கிறது.

சரி, பாறையிலிருந்து தொடங்குகிறேன்.

இந்தப் பகுதியின் அடிப்பாறை நைஸ். வரிவரியாகக் கறுப்பும் வெளுப்பும் மாறி மாறி வரும் மிகப் பழைய பாறை. அந்த வரிகள் பெரும்பாலும் கிழக்கு வடகிழக்காக ஓடுகின்றன. வடக்கே மோயாறு ஓடும் நீண்ட பள்ளத்தைப் பார்த்திருப்பீர்கள், முதுமலைப் பக்கம். அது வெறும் ஆற்றுப்பள்ளம் இல்லை. நிலத்தின் இரண்டு பெரிய துண்டுகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த தடம். அப்படி நகரும்போது ஆழத்தில் இருக்கும் பாறை விரிசல் விடும். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், முந்நூறு நானூறு டிகிரி சூட்டில் இருக்கும் நீர் அந்த விரிசலைத் தேடி மேலே வரும். தண்ணீரோடு கரியமில வாயு, சிலிக்கா, கந்தகம் எல்லாம் கரைந்திருக்கும். தங்கம் கந்தகத்தோடு சேர்ந்துகொண்டு அந்த நீரில் கரைந்தே பயணம் செய்யும்.

விரிசல் மூடியிருக்கும்வரை அழுத்தம் ஏறும். நிலம் அசைந்து விரிசல் திறந்த கணத்தில் அழுத்தம் சட்டென்று விழும், குக்கர் விசில் மாதிரி. அப்போது கரைந்திருந்த சிலிக்கா வெள்ளைக் குவார்ட்ஸாக உறையும். கந்தகம் பக்கத்துப் பாறையின் இரும்போடு சேர்ந்து பைரைட் ஆகிவிடும். கூட வந்த துணை போய்விட்டதால் தங்கமும் அங்கேயே தங்கிவிடும். இது ஒருமுறை நடப்பதில்லை. மூடி, திறந்து, மூடி, திறந்து பல நூறு தடவை. இப்படி விரிசலில் உறைந்த குவார்ட்ஸ் பட்டைக்குத்தான் ரீஃப் என்று பெயர். அதனால்தான் நல்ல ரீஃப் ஒன்றை உடைத்தால் பட்டை பட்டையாக, ஒன்றின்மேல் ஒன்று படிந்த மாதிரி இருக்கும்.

கிராமத்தில் வெங்கச்சங்கல் என்று சொல்வோமே, அந்த வெள்ளைக்கல்தான் குவார்ட்ஸ். தமிழ்நாட்டில் அது இல்லாத காடு கரை கிடையாது. அதில் தங்கம் இருப்பது அபூர்வம். தேவாலாப் பக்கத்து ரீஃப்களில் இருக்கிறது. நைஸ் வரிகள் ஓடும் போக்கில் இவை ஓடாமல், குறுக்கே வெட்டிக்கொண்டு வடக்கு வடமேற்காகப் போகும். கிழக்குப் பக்கமாகச் சரிந்திருக்கும்.

என் மேசையில் அப்படி ஒரு துண்டு கிடக்கிறது. தேயிலைத் தோட்டத்து ஓடையில் பொறுக்கியது. பால் வெள்ளையில் துருப்பிடித்த கறை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தக் கறைக்குள் குட்டிக் குட்டிச் சதுரப் பள்ளங்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு பைரைட் படிகம் உட்கார்ந்திருந்த இடம். இங்கே பெய்கிற மழைக்குப் பைரைட் தாங்காது. அரித்துக் கரைந்து துருவாகிவிடும். தங்கத்துக்கு மழையும் ஒன்றும் செய்யாது, துருவும் ஒன்றும் செய்யாது. அந்தச் சதுரப் பள்ளம் ஒன்றின் மூலையில் ஊசிமுனை அளவுக்கு மஞ்சள். பைரைட்டா தங்கமா என்று சந்தேகம் வந்தால் ஊசியால் அழுத்திப் பார்க்க வேண்டும். பைரைட் நொறுங்கிக் கறுப்புப் பொடியாகும். தங்கம் நசுங்கும், உடையாது. இது நசுங்கியது.

இந்தப் பகுதியின் மொத்தத் தலையெழுத்தும் அந்தத் துருப்பிடித்த கல்லில்தான் இருக்கிறது. மேல்மண்ணில், சுண்ணாம்பு நிறமும் செங்கல் நிறமுமாகக் கரைந்த பாறையில், கூட இருந்ததெல்லாம் கழுவிப் போய்த் தங்கம் மட்டும் மிஞ்சிச் சேர்ந்திருக்கும். பத்து இருபது மீட்டர் இறங்கி, மழைநீர் எட்டாத கல்லைத் தொட்டால் கதை வேறு. அங்கே பைரைட் அப்படியே இருக்கும். தங்கம் கண்ணுக்குத் தெரியாத துகளாக அதனுள் ஒளிந்திருக்கும், அளவும் குறைந்திருக்கும்.

இந்த மேல்தங்கத்தை இங்குள்ள பழங்குடிகளான பணியர்களும் குறும்பர்களும் வெகுகாலமாகவே அரித்து எடுத்திருக்கிறார்கள். ஓடை மணலை மரத்தட்டில் போட்டுச் சுழற்றினால் லேசான மணல் வெளியே போகும், கறுப்பு மணல் அடியில் நிற்கும், அதன் விளிம்பில் மஞ்சள் கோடு ஒன்று மினுங்கும். ரீஃப்பையும் விட்டுவைக்கவில்லை. கல்லையே தோண்டி எடுத்த பழைய குழிகளும் இங்கே ஏராளம். 1830களில் கம்பெனி அரசாங்கம் நிக்கல்சன் என்ற லெப்டினன்டை அனுப்பித் துழாவிப் பார்த்தது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 

நடந்தது 1860களுக்குப் பிறகு. ஆஸ்திரேலியத் தங்க வயல்களில் பழகிய ஆட்கள் சிலர் இங்கே வந்து, காபித் தோட்டங்களுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்கல் வரிசைகளைத் துரைமார்களுக்குக் காட்டினார்கள். 1874இல் ஆல்ஃபா என்ற பெயரில் முதல் கம்பெனி தேவாலாவில் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஜியாலஜிகல் சர்வேயின் வில்லியம் கிங் வந்து பார்த்து ஓர் அறிக்கை எழுதினார். நிதானமான மனிதர். நம்பாலக்கோட்டைப் பகுதி ரீஃப்களில் சராசரியாக டன்னுக்கு ஏழு பென்னிவெயிட் இருக்கும் என்றார். இருபது பென்னிவெயிட் ஒரு அவுன்ஸ். நம் கணக்கில் ஏழு என்பது டன்னுக்குச் சுமார் 11 கிராம். மோசமில்லை.

காபிக்கு அப்போது கெட்ட காலம். இலைநோயும் தண்டுதுளைப்பானும் சேர்ந்து தோட்டங்களைத் தின்றுகொண்டிருந்தன. கடனில் மூழ்கிய தோட்ட முதலாளிக்குத் தன் நிலத்தின் அடியில் தங்கம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அதை மறுத்துப் பேச அவருக்கு என்ன அவசியம்?

இந்த நேரத்தில்தான் 1879இல் ராபர்ட் பிரஃப் ஸ்மித் வந்தார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்தவர், தங்க வயல்கள் பற்றித் தடித்த நூல் எழுதியவர். கீழே வேலை பார்த்தவர்களை வதைத்தார் என்று விசாரணை நடந்து 1876இல் பதவியை விட்டவரும்கூட. இந்திய அரசாங்கம் அவரை அழைத்தது. 1880இல் அவர் அறிக்கை வந்தது. ரீஃப்கள் ஏராளம், அகலமானவை, மைல்கணக்கில் நீள்கின்றன, மலைச்சரிவில் பக்கவாட்டாகக் குடைந்தே எடுக்கலாம், மரமும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கின்றன என்றெல்லாம் எழுதினார். அதில் பெரும்பாலானது பொய் இல்லை. சோதனைக் கல்லின் சராசரியோ டன்னுக்கு ஒரு அவுன்ஸுக்கு மேல் போயிற்று. கிங் சொன்னதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பிழைப்புக்கு டிரில் கோர் (துளையிட்டு எடுக்கும் பாறைத் தண்டு) பெட்டிகளைக் குனிந்து பார்த்தே முதுகு வளைந்தவன் நான். எனக்கு இந்தச் சராசரியைக் கண்டால் சிரிப்பும் வரும், வயிறும் கலங்கும்.

கணக்கு எளிது. தங்கம் தண்ணீரைவிடப் பத்தொன்பது மடங்கு கனம். பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ள தங்கத் துணுக்கு, அதாவது கடுகைவிடச் சின்னது, 19 மில்லிகிராம் இருக்கும். நீங்கள் ஒரு கிலோ கல் எடுத்து ஆய்வுக்கு அனுப்புகிறீர்கள். அதற்குள் இப்படி ஒரே ஒரு துணுக்கு இருந்தால் முடிவு என்ன வரும்? டன்னுக்கு 19 கிராம். துணுக்கு இல்லாத பக்கத்துக் கல்லை அனுப்பியிருந்தால்? பூஜ்யம். ஒரே ரீஃப், ஒரே அடி இடைவெளி. ஒன்றில் சுரங்கம் திறக்கலாம், மற்றதில் இழுத்து மூடலாம். இதனால்தான் குவார்ட்ஸ் ரீஃப்பில் மாதிரி எடுப்பவன் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். ரீஃப்பின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை ஒரே அகலத்தில், ஒரே ஆழத்தில் கால்வாய் மாதிரி வெட்டி, நல்லது கெட்டது அத்தனையும் மூட்டையில் அள்ள வேண்டும். அதையும் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை செய்துகொண்டே போக வேண்டும். கை தானாகத் துருப்பிடித்த கல்லை நோக்கிப் போகும். போகவிடக் கூடாது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் முதலீட்டாளர் வருகிற அன்று மேசையில் எந்தக் கல்லை வைப்பது என்பதற்கே ஒரு கூட்டம் நடக்கும். நூற்று நாற்பது வருஷத்தில் மனிதர்கள் அப்படியொன்றும் மாறிவிடவில்லை.

தென்கிழக்கு வயநாட்டில் எடுத்த கல் பெரும்பாலும் மேல்மட்டத்துக் கல். மழை கழுவி, தங்கம் சேர்த்துக் கொடுத்த கல். அதன் சராசரியை மைல்கணக்கான நீளத்தாலும் ஆழத்தாலும் பெருக்கினார்கள். லண்டனில் காகிதம் பறந்தது. 1881 முடிவதற்குள் வயநாட்டுத் தங்கத்துக்காக மட்டும் 33 கம்பெனிகள், நாற்பது லட்சம் பவுண்டுக்கு மேல் மூலதனம். காபி செத்த தோட்டங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்ட விலைக்குப் போயின. அந்தப் பணத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கவே இல்லை. நிலம் விற்றவர் பையிலும் கம்பெனி தொடங்கியவர் பையிலும் நின்றுவிட்டது. பந்தலூரில் திடீரென்று ஒரு நகரம் முளைத்தது. கல்லை இடிக்கும் இரும்பு உலக்கை இயந்திரங்களை மலைப்பாதையில் மாடு கட்டி இழுத்து வந்தார்கள். வயநாட்டு மலேரியா ஒரு பக்கம் ஆட்களைத் தின்றது.

கல்லை இடித்துப் பாதரசம் பூசிய செம்புத் தகட்டின்மேல் ஓடவிட்டார்கள். தங்கம் பாதரசத்தில் ஒட்ட வேண்டும். டன்னுக்கு இரண்டு, மூன்று பென்னிவெயிட் தேறியது, சில இடங்களில் அதுவும் இல்லை. மூன்று முதல் நாலரை கிராம். ஆழத்துக் கல்லில் தங்கம் பைரைட்டுக்குள் பூட்டிக் கிடந்ததால் இருந்ததும் முழுசாகப் பாதரசத்துக்கு வரவில்லை. சயனைடில் கரைத்து எடுக்கும் வழியை ஸ்காட்லாந்தில் கண்டுபிடித்தது 1887இல். அதற்குள் இங்கே கதை முடிந்துவிட்டது. பல இயந்திரங்கள் பொருத்தப்படாமலே துருப்பிடித்தன. பந்தலூரைக் காடு திரும்ப எடுத்துக்கொண்டது.

"அப்போ கே.ஜி.எஃப்.ல மட்டும் எப்படிக் கிடைச்சுது?" என்று பெரியவர் ஒருநாள் மடக்கினார். நல்ல கேள்வி. கோலார் கம்பெனிகளும் அதே பைத்தியக்கார வருஷங்களில், அதே லண்டன் பணத்தில் தொடங்கியவைதான். 1802இல் ஜான் வாரன் என்ற சர்வே அதிகாரி மாரிக்குப்பம் பக்கம் ஊர்க்காரர்கள் மண்ணை அரித்துத் தங்கம் எடுப்பதைக் கண்டு எழுதி வைத்தார். 1870களில் மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துச் சிப்பாய் அதைப் படித்துவிட்டு மைசூர் அரசிடம் அனுமதி வாங்கினார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகத்தில் மைசூர் சுரங்கம் தொடங்கியது. மூன்று நான்கு வருஷத்தில் அங்கேயும் பணம் கரைந்து, கடையைக் கட்டலாமா என்ற பேச்சு வந்தது. மிச்சமிருந்த காசை வைத்து, பழங்காலத்தவர்கள் தோண்டிவிட்டுப் போன குழிகளுக்கு அடியில் இறங்கிப் பார்த்தார் பிளம்மர் என்ற சுரங்க அதிகாரி. சாம்பியன் ரீஃப் அகப்பட்டது. எட்டு கிலோமீட்டர் நீளம், மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் வரை அது விடாமல் போயிற்று. 2001இல் மூடும்வரை அந்த வயல் சுமார் 800 டன் தங்கம் கொடுத்தது. வட ஆற்காட்டிலிருந்து போன நம் ஆட்கள்தான் அதில் பெரும்பாலும் இறங்கினார்கள்.

இதைக் கேட்டதும் "பார்த்தீங்களா சார், இன்னும் கொஞ்சம் ஆழமாப் போயிருந்தா இங்கேயும் கிடைச்சிருக்கும்" என்றார். அப்படி இல்லை. கோலாரில் ரீஃப்பைச் சுற்றி இருப்பது பழைய எரிமலைக் குழம்பு உறைந்த, இரும்புச் சத்து நிறைந்த கறும்பாறை. எண்பது கிலோமீட்டர் நீளமான பட்டை அது. தங்கம் சுமந்த நீர் ஒரே வழியில், ஒரே விரிசலில் திரும்பத் திரும்ப வந்து இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. தேவாலாவில் அப்படி ஒரு பெரிய பட்டை இல்லை. நைஸில் சிதறிக் கிடக்கும் ரீஃப்கள். கொஞ்ச தூரம் வரும், தடித்து நிற்கும், அப்புறம் மெலிந்து காணாமல் போகும்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. பரபரப்பெல்லாம் அடங்கிய பிறகு, ஜியாலஜிகல் சர்வே ஹேடன், ஹாட்ச் என்ற இருவரை அனுப்பி ரீஃப் ரீஃப்பாகப் புழுதி படிய மாதிரி எடுக்க வைத்தது. ஹாட்ச் கோலாரையும் பார்த்து எழுதியவர், அதனால் எது நல்ல ரீஃப் என்று அவருக்குத் தெரியும். 1901இல் வந்த அவர்கள் அறிக்கையில் கவர்ச்சியே கிடையாது. லாபத்துக்குத் தோண்டும் அளவு தங்கம் இல்லை என்பதுதான் சாரம். பிரஃப் ஸ்மித்தின் அறிக்கையை ஊரே கொண்டாடியது. இதைப் படித்தவர்கள் சொற்பம். என்னைக் கேட்டால் இந்த மலையைப் பற்றி எழுதியதில் மிக நேர்மையான பக்கங்கள் அவைதான்.

இன்றைய தங்க விலைக்கு? உலகத்தில் டன்னுக்கு ஒரு கிராம் இருக்கும் பாறையைக்கூட லாபமாகத் தோண்டுகிறார்கள், வாஸ்தவம். ஆனால் அங்கெல்லாம் மலையையே ராட்சத லாரியில் அள்ளிப் போடும் திறந்தவெளிச் சுரங்கம். அதற்குக் கோடிக்கணக்கான டன் வேண்டும். இங்கே மெல்லிய ரீஃப் ஒன்றுக்காக அதைச் சுற்றி நூறு டன் வெறும் பாறையை அகற்ற வேண்டும். மேலே தேயிலை, காடு, யானை வழித்தடம், ஜனம். மழைக்காலத்தில் சயனைடு குட்டை ஒன்று உடைந்தால் அத்தனையும் ஓடைகள் வழியாகக் கீழே சாலியாற்றுக்குப் போய்விடும். நான் இந்தத் தொழிலில் இருந்தவன், சுரங்கத்துக்கு விரோதி இல்லை. இந்த இடத்தில் வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

ஆனால் ராத்திரியில் குழிக்குள் இறங்குகிறவனுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. கம்பெனிக்கு வேண்டியது சராசரி. அவனுக்கு வேண்டியது ஒரு பை நல்ல கல். எங்கே துருவும் பள்ளமும் கூடியிருக்கிறதோ அதை மட்டும் பொறுக்கி, வீட்டில் இடித்து, பாதரசத்தில் உருட்டி, துணியில் பிழிந்து, அடுப்பில் காட்டினால் தோட்டக் கூலியைவிட நல்ல காசு. சில வாரம் ஒன்றும் கிடைக்காது, ஒரு நாள் கிடைத்துவிடும். ஆகவே "அங்கே தங்கம் இல்லை" என்று போலீஸோ நானோ சொன்னால் அவன் ஏன் நம்பப் போகிறான்? அவன் கையிலேயே பார்த்திருக்கிறான்.

அவனிடம் சொல்ல வேண்டியது வேறு. பாதரசத்தை அடுப்பில் காட்டும்போது அது ஆவியாகி வீட்டுக்குள்தான் நிற்கிறது. தங்கத்தை நிறுத்துப் பார்க்கிற அதே அறையில் பிள்ளைகள் தூங்குகின்றன. நரம்பையும் சிறுநீரகத்தையும் அது மெதுவாகத்தான் பிடிக்கும், அதனால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. அடுத்தது குழி. 1880களில் தோண்டிய சுரங்கத்துக்கு முட்டுக்கொடுத்த மரம் எப்போதோ மக்கிவிட்டது. கூரை நிற்பது வெறும் ஒட்டுதலில். கரைந்த நைஸ் மழைத் தண்ணீர் குடித்தால் சொல்லாமல் இறங்கும். நேராகக் கீழே போகும் குழிகளின் வாயை லாண்டானாப் புதர் மூடியிருக்கிறது. தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர்கள், மாடு மேய்க்கிறவர்கள், ட்ரெக்கிங் என்று கிளம்பி வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: தேவாலா, பந்தலூர்ப் பக்கம் வெள்ளைக்கல் குவியல் ஒன்றைக் கண்டால், அது ஓடையில் அடித்து வந்த கல்லாக இல்லாமல் மனிதன் உடைத்த கூர்முனைக் கல்லாக இருந்தால், பக்கத்திலேயே ஒரு வாய் திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். புதருக்குள் கால் வைக்காமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.